கொழுக்கட்டைக்குள் பூமி

புரட்டாசி பிறந்துவிட்டால் வள்ளியாத்தாள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. பின்புறக் கொட்டகையில் நூற்றுக்கணக்கான கோழிகள் தம் பாட்டுக்கு இட்டுத் தள்ளும். ஆட்கள் அட்டையில் அடுக்கி லாரியில் ஏற்றுவார்கள். விற்றால் பெருமாள் கண்டுகொள்ள மாட்டார், சமையலறைக்குள் வந்தால்தான் கோபிப்பார் என்று அந்தம்மாள் அவரிடம் எப்படியோ பேசி முடித்திருந்தார்.

மருமகள் கமலவேணிக்கோ புரட்டாசியில்தான் பரீட்சை. பத்தாவதில் எல்லாம் தேறி, சமூக அறிவியலில் மட்டும் கோட்டை விட்டவள் அவள். விருந்தாளி யார் வந்தாலும் மாமியார், "எங்க மருமவ பத்தாவது பெயிலுங்க, ஆனா நல்லா சமைப்பா" என்று மனசார மெச்சுவார். கேட்கிறவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போகும். ஒரே ஒரு தடவையாவது அந்த முதல் பாதி இல்லாமல் மெச்சமாட்டாரா என்று ஏங்கித்தான் மறுபடியும் எழுதக் கிளம்பினாள்.

வரலாறு ஒருவழியாக மண்டையில் ஏறிவிட்டது. பூமிதான் ஏறுவேனா என்றது. மேலோடு, கவசம், கருவம் என்று வாய் ஒப்பிக்கும். எதற்குள் எது என்று கேட்டால் முழி பிதுங்கும். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று வேறு போட்டிருந்தது. காலுக்குக் கீழே கிடக்கிற நிலம் எங்கே நகர்கிறதாம்?

புருஷன் சென்னியப்பன்தான் வழி சொன்னான். "முட்டையப் பாரு கமலா. ஓடு, வெள்ளை, மஞ்சள். உன்ற பூமி அவ்வளவுதான்."

கொட்டகைக்குப் பின்னால் கல்லைக் கூட்டி ஒரு முட்டையை அவித்தாள். ஓட்டை லேசாகத் தட்டினாள். விரிசல் விட்ட துண்டுகள் வெள்ளையின் மேல் வழுக்கின. ஒன்றை நெருக்கியதும் அடுத்தது மேலே தூக்கிக்கொண்டது. "அட, மலை இப்படித்தான் எழும்புச்சா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. படித்து முடித்த பூமியை நாய்க்குப் போட்டாள். மறுநாளும் அப்படியே.

அந்த நாய்தான் காட்டிக்கொடுத்தது. சனிக்கிழமை காலை தலைக்குக் குளித்துத் துளசி பறிக்க வந்த வள்ளியாத்தாளின் காலடியில் பாதி முட்டையை வைத்துவிட்டு வாலாட்டியது.

"அட பெருமாளே! விரதத்துல முட்டை தின்னயா?"

"நாந் திங்கலீங்க அத்தை. படிச்சனுங்க."

"முட்டையில என்ன படிப்பு? பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொஸ்தகத்த மூடி வை."

கமலவேணி மூடி வைத்தாள். பூசைக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போது கண்ணீர் மாவில் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. வெந்ததும் மூடியைத் திறந்தாள். ஒரு கொழுக்கட்டை வெடித்து, வெல்லப் பூரணம் கொதித்து வெளியே வழிந்துகொண்டிருந்தது.

"அத்தை, எரிமலைங்க!"

தன்னை மறந்துதான் கத்தினாள். வள்ளியாத்தாள் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? மாவு மேலோடு, பூரணம் கவசம், ஓடு விட்டுப்போன இடத்தில் உள்ளே இருக்கிற சூட்டுக் குழம்பு பீறிட்டு வருகிறது என்று கமலவேணி மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அதுக்கும் உள்ளார?"

"கருவமுங்க. நடு மத்தியில இரும்புக் குண்டாட்டங் கெட்டியா இருக்குதுங்களாம். இதுல அது இல்லீங்களே."

வள்ளியாத்தாள் அலமாரிப் பக்கம் திரும்பினார். டப்பாவைத் திறந்து ஒரு கடலைப் பருப்பை எடுத்தார். அடுத்த பூரண உருண்டைக்கு நடுவில் வைத்து அழுத்தினார்.

"இப்ப இருக்குதா? இத வெச்சுப் படி. முட்டைக்கிட்டப் போகாத."

அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் தினமும் கொழுக்கட்டைதான். பூமியைத் தின்றே வயிறு உப்பிவிட்டது என்று சென்னியப்பன் புலம்பினான். பரீட்சையில் பூமியின் உள்ளமைப்பைக் கேட்டிருந்தார்கள். படம் வரைந்தபோது கமலவேணிக்கு ஏலக்காய் வாசமே அடித்தது.

முடிவு வந்து கமலவேணி தேறிவிட்ட வாரம் பக்கத்துத் தோட்டத்துச் சாலம்மாள் வந்திருந்தாள். வள்ளியாத்தாள் தட்டை நீட்டினார். உள்ளே கமலவேணி கரண்டியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க மருமவ நல்லா சமைப்பாளுங்க" என்றார் வள்ளியாத்தாள். பிறகு ஒரு கொழுக்கட்டையைப் பிட்டுக் காட்டினார். "இது மேலோடு, இது கவசம். நடுவால கருவம் இருக்குது பாருங்க. பல்லுல பட்டுரும், பாத்துத் தின்னுங்க."

கமலவேணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன.