பச்சை டிக்

மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று பெண் வீட்டில் யாருக்கும் வெகுநாள் பிடிபடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேட்டபோது அவன் மிடில்வேர், வெப் சர்வீஸ் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கடைசியில் அவன் மனைவிதான் போட்டு உடைத்தாள். "தரகர் வேலைதான். ஒரு சாஃப்ட்வேர் பேசறது இன்னொரு சாஃப்ட்வேருக்குப் புரியாது. இவர் நடுவுல நின்னு, அது சொன்னதை இதுகிட்டயும் இது சொன்னதை அதுகிட்டயும் சொல்ற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதி வைப்பார்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்கு ஏகப்பட்ட கேலி. "எங்க மாப்பிள்ளை ரெண்டு கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் பண்ணி வைப்பார்" என்பார்கள். கேலி செய்யாத ஒரே ஆள் பெரியம்மா. மனைவியின் அம்மாவுக்கு அக்கா. முந்நூறு படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் இன்னும் சிலரோடு சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாக உணவுப் பதிவு வேலை. எந்தப் படுக்கைக்கு உப்பில்லாத சாப்பாடு, எதற்கு சர்க்கரையில்லாத சாப்பாடு, ஆபரேஷனுக்குப் போகிறவர்களில் யார் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும், எல்லாம் டாக்டர்கள் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து விடியற்காலையில் பதிவு செய்வார். வேலை ஆறரைக்குத்தான். பெரியம்மா ஐந்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் சாப்பாட்டு வண்டி ஏழு மணிக்குக் கிளம்புகிறது, அவசரத்தில் ஒரு படுக்கை விட்டுப்போனால் பாவம் யாருக்கோ வயிற்றிலடித்த மாதிரி என்பது அவருடைய கணக்கு.

அந்த ஆஸ்பத்திரியின் வேலையே மாப்பிள்ளையின் கம்பெனிக்கு வந்தது. வார்டில் ஒரு சாஃப்ட்வேர், சமையல்கூடத்தில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்ததில்லை. அதுவரை பெரியம்மா வார்டில் காகிதத்தில் எழுதி, மாடி இறங்கிப் போய்ச் சமையல்கூடத்தில் கொடுத்துவிட்டு வருவார். இனி வார்டில் பட்டனைத் தட்டினால் சமையல்கூடத்தில் தெரியும். பெரியம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. போகிற வருகிற நர்ஸையெல்லாம் நிறுத்தி, "எங்க வீட்டு மாப்பிள்ளை செஞ்சதாக்கும்!" என்று சொல்லாத நாளில்லை.

இங்கேதான் ஐயா செய்த வேலையைக் கேளுங்கள்.

சோதனை ஓட்டத்தின்போது தலைமை நர்ஸ் முகத்தைச் சுளித்தார். பட்டனைத் தட்டினால் பத்துப் பன்னிரண்டு விநாடி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்கப்புறம்தான் பச்சை டிக் வருகிறது. "இதுக்கு நாங்க காகிதத்துலயே எழுதிட்டுப் போயிடுவோமே" என்றார். மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அரைமணி நேரத்தில் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தான். வட்டம் ஏன் சுற்றியது? சமையல்கூடத்தின் சாஃப்ட்வேர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லும்வரை நடுவில் இருந்த இவனுடைய ப்ரோக்ராம் காத்திருந்தது. இவன் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டான். வார்டிலிருந்து செய்தி வந்த உடனே "கிடைத்தது" என்று பச்சை டிக்கைக் காட்டிவிடும், அப்புறம் சாவகாசமாகச் சமையல்கூடத்துக்கு அனுப்பும். அங்கே யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைக்கும். அந்தப் பெட்டியை யார் திறந்து பார்ப்பது? இவன்தான் பார்க்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

டிக் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. தலைமை நர்ஸ் கைதட்டினார், மேனேஜர் முதுகில் தட்டினார். பெரியம்மாவைக் கேட்கவே வேண்டாம், தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு சில்லறைக் குறைகள் வந்தன. சர்க்கரை கூடாதவருக்குச் சர்க்கரை போட்ட தேநீர், உப்பில்லாமல் போக வேண்டியது உப்போடு. பிறகு ஒரு திங்கட்கிழமை, ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஏழு வயதுப் பெண்குழந்தைக்கு வழக்கம்போலப் பாலும் ரொட்டியும் வந்துவிட்டது. பசியில் இருந்த குழந்தை மளமளவென்று சாப்பிட்டுவிட்டாள். ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார், குழந்தையின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

புதிய பதிவு வராவிட்டால் சமையல்கூடம் முந்தின நாள் சாப்பாட்டையே அனுப்பும். அங்கே பார்த்தால் அந்தக் குழந்தைக்குப் புதிய பதிவே இல்லை. பெரியம்மாவோ, தட்டினேன், டிக் வந்தது என்கிறார். வார்டு சாஃப்ட்வேர் டிக்கைக் காட்டிவிட்டுத் துடைத்துப்போட்டுவிடும், அதில் எந்தத் தடயமும் மிஞ்சாது. நிர்வாக அதிகாரி மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டார். "உங்க பக்கம் ஏதாவது கோளாறு இருக்குமா?"

"நம்ம பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார்." பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னான். அவ்வளவு திமிர்.

மறுநாள் விசாரணை. அங்கேயாவது பெரியம்மா சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. "மாப்பிள்ளை எழுதின ப்ரோக்ராம் தப்பா இருக்காது. நான்தான் தட்டாம விட்டிருப்பேன்" என்று தலைகுனிந்து நின்றாராம். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு மூத்த அக்கா ஒருத்தி, அறுபது வயதுக்குள் எல்லாம் மறந்து, பெற்ற மகனையே யாரப்பா நீ என்று கேட்டுப் போய்ச் சேர்ந்தவள். நமக்கும் அது வந்துவிட்டது என்று பெரியம்மா முடிவே கட்டிவிட்டார். புதன்கிழமை நரம்பு டாக்டரிடம் போனார். அவர் நாலு கேள்வி கேட்டு, இப்போதைக்குச் சாப்பிடுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி இதைச் சொல்லி ஓவென்று அழுதபோதுதான் மாப்பிள்ளைக்குத் தான் திறக்காமல் விட்ட பெட்டி ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்தான். நாற்பத்து மூன்று பதிவுகள் அங்கே கிடந்தன. நாற்பத்து மூன்றிலும் பெரியம்மாவின் ஊழியர் எண். எல்லாமே காலை ஐந்து நாற்பத்தைந்துக்கும் ஆறுக்கும் நடுவில். சமையல்கூடத்தில் விசாரித்தான். "இப்போ கொஞ்ச நாளா தினமும் அந்தக் கால்மணி நேரம் எங்க சாஃப்ட்வேர் தானே நின்னு தானே கிளம்பும் சார், அதுக்கப்புறம்தானே எல்லாரும் வருவாங்க" என்றார்கள்.

எல்லாரும் அப்புறம்தான் வருவார்கள். முன்னாலேயே வருகிறவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒருத்தர்தான். நேரத்துக்கு வந்தவர்களின் பதிவெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, யாரும் பட்டினி கிடக்கக்கூடாதே என்று விடிவதற்குள் ஓடி வந்தவருடையது மட்டும் குப்பையில் விழுந்தது. இவனுடைய டிக் அவரிடம் நாற்பத்து மூன்று தடவை பொய் சொல்லியிருந்தது. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஃபோனைக் கையில் எடுத்தான். அப்போது மேனேஜர் எட்டிப் பார்த்து, "அடுத்த வாரம் இன்னும் மூணு ஆஸ்பத்திரி நம்ம ப்ரோக்ராமைப் பார்க்க வர்றாங்க, நீதான் விளக்கிச் சொல்லணும்" என்றார். ஃபோனைக் கீழே வைத்துவிட்டான். முதலில் சரிசெய்வோம், பிறகு சொல்வோம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். சமையல்கூடம் விழிக்கும்வரை செய்தியைப் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப அனுப்புகிற மாதிரி மாற்றினான். வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு பதிவுகூடத் தவறவில்லை. சத்தமில்லாமல் பூசி மெழுகியாகிவிட்டது.

சொன்னானா? அதுதான் இல்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. மூன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் முகம் வீங்கியிருந்தது, நடை தள்ளாடியது. மாத்திரை தூக்கமாகத் தள்ளுகிறதாம், ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். ஆனால் குரலில் மட்டும் சந்தோஷம்.

"மாத்திரை வேலை செய்யுது மாப்ளே! ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தப்புகூட வரலை பாருங்க."

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மனைவி அவன் முதுகைத் தட்டித் தண்ணீரை நீட்டினாள்.

"இருந்தாலும் மாத்திரையை நம்பி எத்தனை நாளைக்கு?" பெரியம்மாவே தொடர்ந்தார். "இன்னொரு குழந்தை வயித்துல விளையாட எனக்கு மனசில்லை. ரிட்டையராக நாலு வருஷம் பாக்கியிருந்தா இருந்துட்டுப் போகுது. வேலையை விட்டுடறேன்னு நாளைக்கு எழுதிக் கொடுத்துடப் போறேன். நீங்க கொஞ்சம் டைப் அடிச்சுக் கொடுங்களேன், எனக்கு எழுத்து ஓடலை."

அவன் அடித்தான். ஆமாம், உட்கார்ந்து அடித்தான்! பெரியம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்று, "மறதி வந்துடுச்சுன்னு போடுங்க" என்றார். இவன், "'நினைவாற்றல் குறைந்து வருவதால்'னு போடலாம் பெரியம்மா, அதுதான் கௌரவமா இருக்கும்" என்றான். அந்த வார்த்தை எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆபீஸில் பிரின்ட் எடுத்துக் காலையில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். கையில் காகிதம் எதுவும் இல்லை. பெரியம்மா குறிப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பதிவையும் தட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டில் 'தட்டினேன்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"பெரியம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க எதையும் மறக்கலை. தப்பு என்னோடது." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். வட்டம், டிக், பெட்டி, நாற்பத்து மூன்று பதிவு, ஒன்றையும் மறைக்கவில்லை.

பெரியம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டுவார், கை ஓங்குவார் என்று அவன் எதிர்பார்த்தான். அப்படியாவது நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"இது எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

இன்றைக்குத்தான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை" என்றான்.

"பதினோரு நாள்." விரலைக்கூட மடக்காமல் சொன்னார். "அப்போ நேத்து எனக்கு லெட்டர் அடிச்சப்பவும் தெரியும்."

"தெரியும் பெரியம்மா."

"நினைவாற்றல்னு போடலாம்னு சொன்னீங்களே, அப்பவும்."

"ஆமா."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு, கூனிக் குறுகி நின்றான். பெரியம்மா மீதியிருந்த படுக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டி முடித்தார். பிறகு எழுந்து, "வாங்க, இதை அங்கேயும் வந்து சொல்லுங்க" என்று முன்னால் நடந்தார்.

நிர்வாக அதிகாரி எட்டு மணிக்குத்தான் வந்தார். அதுவரை இருவரும் அவர் அறை வாசலில் ஒரே பெஞ்சில், இரண்டு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் உள்ளே போனதும் மாப்பிள்ளை மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னான். அதிகாரி அவனை வார்த்தையால் வறுத்தெடுத்தார். உங்கள் கம்பெனிக்கு எழுதுகிறேன், பார்க்க வந்த அந்த மூன்று ஆஸ்பத்திரிக்கும் எழுதுகிறேன் என்றார். அவன் சரி சார், சரி சார் என்றான். அப்புறம் அதிகாரி எழுந்து பெரியம்மாவைப் பார்த்து, மன்னிச்சுக்கணும்மா என்றார். பெரியம்மா கைகூப்பினார்.

வெளியே வந்தபோது பெரியம்மாவின் ஃபோன் அடித்தது. மாப்பிள்ளையின் மனைவி. பெரியம்மா மாத்திரை சாப்பிட்டாரா என்று தினமும் அந்த நேரத்துக்குக் கேட்பது அவள் வழக்கமாகியிருந்தது.

"இனிமே மாத்திரை வேண்டாம் கண்ணு" என்றார் பெரியம்மா. "எனக்கு ஒண்ணுமே இல்லையாம், கோளாறு ப்ரோக்ராம்லதான். உன் வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார், விடியக்காலையிலயே ஓடி வந்து சொன்னார்… அழாதேடி. ஆமா, அவரே அதிகாரிகிட்ட வந்து சொல்லிட்டார்." அங்கிருந்து ஏதோ கேள்வி வந்தது. பெரியம்மா நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே பதில் சொன்னார். "இன்னைக்குத்தான். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுதாம்."

ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவன், பெரியம்மா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"புருஷன் பேச்சை அவ வேதவாக்கா நினைச்சுக்கிட்டு இருக்கா. நானும் அப்படித்தான் நினைச்சேன், என் தலையையே சந்தேகப்பட்டேன். அவளுக்காவது அந்த நம்பிக்கை உடைய வேண்டாம். வீட்டுல கேட்டா நீங்களும் இன்னைக்குத்தான்னே சொல்லுங்க. மறந்துடாதீங்க மாப்ளே."

சொல்லிவிட்டு வார்டுப் பக்கம் நடந்தார். அவன் அங்கேயே நின்றான்.