பால் காயும் நேரம்

கரண்ட் வந்ததும் அவள் பாலை அடுப்பில் ஏற்றினாள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் காலையிலிருந்து மல்லுக்கட்டியது லைன்மேனான அவள் தம்பிதான். வேலை முடிந்ததும் அக்கா கையால் டீ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மின்விசிறி சுற்றியது, ஏசி மட்டும் வாய் திறக்கவில்லை. போன வாரம் வீட்டுக்கு வீடு வாசலில் மாட்டிய புதுப் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது. போன கரண்ட் திரும்பும்போது ஏசி, ஹீட்டர், கார் சார்ஜர் மாதிரி பெருந்தீனிக்காரர்களைக் கொஞ்சம் காக்க வைப்பது அதன் வேலை; காத்திருப்பு முடியும்வரை சிமிட்டிக்கொண்டிருக்கும்.

பெட்டி அவளுக்குப் புதிதல்ல. வருங்காலத்தில் ஊர் எப்படிக் கரண்டைத் தின்னும் என்று கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை ஊரைக் கட்டிப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அக்காவின் சொப்பு விளையாட்டு என்பான் தம்பி. அந்த ஊரிலும் பெட்டி உண்டு. காக்கும் நேரம் வீட்டுக்கு வீடு வேறாக இருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று, பால் காய்கிற நேரத்தை எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோலப் போட்டு வைத்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை. பெட்டி செய்கிறவர்கள் அந்த நேரக் கணக்கைக் கேட்டபோது மேலாளர் அப்படியே அனுப்பிவிடச் சொன்னார். அவளும் அனுப்பித் தொலைத்தாள்.

பால் விளிம்பில் நுரை கட்டியது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பெட்டி, அதற்கடுத்த வீட்டுப் பெட்டி, எல்லாம் சொல்லி வைத்தாற்போல் சேர்ந்து சிமிட்டின. சொல்லி வைத்தது யார் என்று அவளுக்கு உறைத்தது. தெருவின் ஏசியெல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் என்ன ஆகும் என்று அவள் பொம்மை ஊரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். முதலில் வெடித்தது டிரான்ஸ்ஃபார்மர். திரையில் அது வெறும் சிவப்புப் புள்ளி, அடுத்த ஓட்டத்தில் அழிந்துபோனது.

தன் வீட்டு மெயினை அணைத்தாள். ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்? பால்கனிக்கு ஓடினாள். தம்பி இன்னும் ஏணியில் நின்று டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் எதையோ இறுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், கீழ எறங்குடா! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடு!"

நடுவில் ஒரு பைக் உறுமிக்கொண்டு போனது. அவன் திரும்பிச் சிரித்தான்.

"என்னக்கா, டீ ரெடியா?"

"எறங்குடா தம்பி. உன் கால்ல விழறேன்."

அவன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் காதருகே குவித்தான். எதிர்வீட்டுப் பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது.