சர்பத் பாட்டிலில் தீர்த்தம்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அன்னபுஷ்பத்தின் புளுகு இருபத்தெட்டு நாளாக அசையாமல் நின்றது. அதுதான் அவளை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. படப்பையில் வாலாஜாபாத் பஸ் ஏறியவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், எழுந்தாள், வேறு சீட்டுக்கு மாறினாள், அங்கேயும் வெயில் என்று பழைய இடத்துக்கே வந்தாள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மனநோய் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு வந்த நர்ஸ் என்று அவருக்குத் தெரியும். படித்தது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அன்னபுஷ்பத்தின் கனம் ஒரகடத்துக்கு அந்தப் பக்கம், கல் குவாரியை ஒட்டிய ஊரில், சின்னப்பராஜ் வீட்டு மாடத்தில் ஒரு சர்பத் பாட்டிலுக்குள் இருந்தது.

சின்னப்பராஜ் குவாரியில் கல் உடைத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் காதுக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். சோற்றில் எதையோ கலக்குகிறார்கள், தின்னாதே என்று அந்தக் குரல் ஓயாமல் சொன்னது. முதலில் மேஸ்திரி கலக்குகிறான் என்றான். பிறகு பெண்டாட்டி லூர்து மேரியே கலக்குகிறாள் என்றான். ஒருநாள் சோற்றுப் பானையைத் தெருவில் போட்டு உடைத்து, தடுக்க வந்த மேஸ்திரியின் மேல் உளியை வீசினான். மறுநாள் ஊர் கூடி அவன் காலை மாட்டுக்கொட்டகைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியது. அந்த ஊரில் மாட்டைக்கூடக் கயிற்றால்தான் கட்டுவார்கள்.

எழுபத்து நாலில் படப்பையில் கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் அன்னபுஷ்பம் வேலைக்குச் சேர்ந்தாள். வியாழன்தோறும் இப்படிப்பட்டவர்களை ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது அவள் பொறுப்பு. பயிற்சிக் காலத்து நோட்டு இன்னும் பையில் இருந்தது. குரல் கேட்கிறது என்பவரிடம், கேட்கவில்லை என்று வாதாடாதே. எனக்கும் கேட்கிறது என்று ஒத்தும் ஊதாதே. சொன்ன நேரத்துக்குப் போ. மாத்திரை கொடுத்தால் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார். கடைசியில், அடியில் இரண்டு கோடு போட்டு: நோயாளியிடம் பொய் சொல்லாதே.

முதல் மூன்று வாரம் அவள் செய்த வைத்தியமெல்லாம் சும்மா உட்கார்ந்ததுதான். சங்கிலி எட்டாத தூரத்தில் ஒரு கல்லில் அரை மணி உட்காருவாள். "அடுத்த வியாழன் பத்தரைக்கு வரேண்ணே" என்று சொல்லி எழுவாள். பத்தரைக்கு வந்து நிற்பாள். நர்சம்மா வேலைக்கு வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்று ஊர் சிரித்தது. நாலாவது வாரம் அவள் போய்ச் சேரச் சற்றுத் தாமதமானது. சின்னப்பராஜ் தலை தூக்கி, "இன்னா நர்சம்மா, பஸ்ஸு லேட்டா?" என்றான். அவன் ஒருவருக்காகக் காத்திருந்தான் என்பதே பெரிய சேதி. திரும்பும் பஸ்ஸில் சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் மாத்திரையை மட்டும் தொடமாட்டான். வேகவைத்த முட்டை, வேர்க்கடலை, இளநீர் என்று ஓடோ தோலோ உள்ளதைத்தான் தின்றான். அதுபோக அவன் நம்பியது ஒன்றே ஒன்று. ஊர் அந்தோணியார் கோயில் கிணற்றுத் தண்ணீரைச் சாமியார் மந்திரித்து வைத்திருப்பார். வாராவாரம் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் அந்தத் தீர்த்தத்தை ஒரு சர்பத் பாட்டிலில் பிடித்துத் தருவார். அதில் எவனும் கை வைக்க முடியாது என்பது சின்னப்பராஜின் கணக்கு. இதற்குள் சங்கிலி அறுத்த கால் சீழ் பிடித்துவிட்டது. ஆளும் எலும்பும் தோலுமாகிவிட்டான்.

"அந்தத் தண்ணில கலந்துட்டா இன்னாம்மா?" என்று லூர்து மேரிதான் முதலில் கேட்டாள்.

அன்னபுஷ்பம் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கால் புண்ணில் ஈ மொய்த்தது. ஒரு வாரத்து மாத்திரையை அவளே அம்மியில் பொடித்து அவளே பாட்டிலில் போட்டாள்.

அவன் அன்றைக்குள்ளதை டம்ளரில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தான். முகம் சுளித்தான். "கசக்குதே. இதுல ஒன்னியும் கலக்கலியே?" என்று, பெண்டாட்டியை விட்டுவிட்டு நர்சைக் கேட்டான்.

"இல்லண்ணே. தீர்த்தம்தான்."

"நீ சொன்னா சரி" என்று டம்ளரில் மீதி இருந்ததையும் குடித்தான்.

வியாழன்தோறும் அவளே கலந்து வைத்தாள். இரண்டு வாரத்தில் தூங்கினான். மூன்றாவது வாரம் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது என்றான். நாலாவது வாரம் பெண்டாட்டி கையால் சோறு வாங்கித் தின்றான். காலிலிருந்து சங்கிலி போயிற்று. எல்லாம் தீர்த்தத்தின் மகிமை என்று ஊர் திரண்டதில் அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி வைக்க இடமில்லை. ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் அன்னபுஷ்பம், "விரும்பி மாத்திரை சாப்பிடுகிறார்" என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. 'நீ சொன்னா சரி' என்ற வார்த்தை சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கூடவே வந்தது. இன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் முடிவு செய்தாள். ஒரகடத்தில் இறங்கும்போது, அடுத்த வாரம் சொல்லலாம் என்று முடிவை மாற்றிக்கொண்டாள். இரண்டு மைல் நடந்ததில் அந்த முடிவும் நாலு தடவை மாறியது.

வீட்டு வாசலில் சின்னப்பராஜ் நின்றான். சவரம் செய்த முகம், வெள்ளைச் சட்டை. ஒரு கையில் சர்பத் பாட்டில், இன்னொரு கையில் டம்ளர்.

"வா நர்சம்மா. கரீட்டா பத்தரை. கொயந்தைக்கு நேத்திலேர்ந்து காச்சல். காலைல அந்தோணியாரு தண்ணி ரெண்டு மடக்கு குடுத்தேன், வெல்லத்தக் கடிச்சிக்கினு குடிச்சிட்டா. அசந்து தூங்கிக்கினு கீது. இன்னும் ஒரு வாய் குடுத்தா எழுந்துக்கும்."

அன்னபுஷ்பம் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளே பாயில் அவன் மகள், நாலு வயது பிலோமி கிடந்தாள். தட்டினாள், எழவில்லை. காது மடலைக் கிள்ளினாள். குழந்தை முனகிவிட்டு மறுபடி துவண்டது. மூச்சு ஒழுங்காக இருந்தது. அந்த மட்டில் கடவுளுக்கு நன்றி. சுவரோரம் லூர்து மேரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். நீரெடுக்கப் போயிருந்தவள் இப்போதுதான் திரும்பியிருந்தாள்.

பின்னாலேயே வந்த சின்னப்பராஜ் டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தான்.

லூர்து மேரியின் கண் பாட்டிலுக்கும் நர்சுக்கும் ஓடியது. தட்டிவிடு என்றது அந்தக் கண். கை தவறினது மாதிரித் தட்டிவிட்டால் பாட்டில் உடையும். உபதேசியார் வேறு பாட்டில் தருவார். சங்கிலி வராது. குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாம். காய்ச்சல் மயக்கம் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? அன்னபுஷ்பத்தின் கை நீண்டும் விட்டது. நீண்ட கை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"குடுக்காதீங்கண்ணே."

"ஏம்மா? அந்தோணியாரு தண்ணி. நீதான சொன்ன?"

"அதுல மாத்திரை கலந்திருக்கு. நாந்தான் கலந்தேன். ஒன்னும் கலக்கலன்னு நான் சொன்னது பொய்."

லூர்து மேரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சின்னப்பராஜ் பாட்டிலைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கொட்டகையில் இன்னும் தூணோடு தொங்கிய சங்கிலியைப் பார்த்தான். அடிப்பானோ என்று அன்னபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது டம்ளர் தரையில் இருந்தது. அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, புண் காலோடு, குவாரிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தான்.

அன்னபுஷ்பமும் பின்னாலேயே ஓடி, ஒரகடத்தில் அவனோடு படப்பை பஸ் ஏறினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து படிக்கட்டோரம் போய் நின்றான். அவளும் உட்காரவில்லை. குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே, கம்பியைப் பிடித்து ஒரு முழம் தள்ளி நின்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எந்த மாத்திரை, எத்தனை, எந்த நேரம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "விரும்பிச் சாப்பிடுறார்னு எழுதியிருந்தியே" என்றார்.

"பொய் எழுதினேன் டாக்டர்."

அதை அப்புறம் பேசுவோம் என்றார். அப்புறம் என்றால் வேலை போகலாம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கவலைக்கு அன்று மனதில் இடமில்லை. கட்டிலுக்கு அந்தப்புறம் அவன், இந்தப்புறம் அவள். மணிக்கொரு தரம் நாடி பார்த்தாள். அவன் எழுந்து வராந்தாவில் நடப்பான், வருவான், குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பான், மறுபடி நடப்பான். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொன்னால் தன் பாரம் குறையும், அவன் பாரம் குறையாது என்று அடக்கிக்கொண்டாள்.

மூணரை மணிக்குப் பிலோமி கண் விழித்து, அப்பாவைப் பார்த்து, பன் வேண்டும் என்றாள். சின்னப்பராஜ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுது முடித்த பிறகுதான் பேசினான்.

"சோத்துல கலக்குறாங்கன்னு ரெண்டு வருசமா கத்தினேன். பயித்தியம்னு கட்டிப் போட்டானுங்க. அப்ப நான் சொன்னது நெசந்தான?"

இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. அன்னபுஷ்பம் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னாள். "அந்த ரெண்டு வருசம் யாரும் கலக்கலண்ணே. லூர்து கலக்கல, மேஸ்திரி கலக்கல. அது வியாதி. இந்த நாலு வாரம் கலந்தது நெசம். கலந்தது நான்."

"நாக்கு வறண்டுக்கினே இருந்திச்சி" என்றான். "அந்தோணியாரு தண்ணி குடிச்சா ஏன் நாக்கு வறளுதுன்னு பாத்தேன். பொண்டாட்டிய சந்தேகப்பட்ட பாவத்துக்குன்னு நெனச்சிக்கினேன்."

அவள் எழுந்து போனாள். அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வந்து, திறந்த உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதாண்ணே அது. நாக்கு வறளும். தூக்கம் வரும். எழுந்தா தலை சுத்தலாம். குரலக் கொறச்சது இதுதான்."

"துன்னலன்னா?"

"குரல் திரும்ப வரலாம். வந்தா மறுபடி கட்டப் பாப்பாங்க. கட்டாதீங்கன்னு நான் சண்டை போடுவேன். ஆனா தடுத்துடுவேன்னு வாக்கு குடுக்க முடியாது."

அவன் மாத்திரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வராந்தாக் குழாய்க்குப் போனான். டம்ளரை மூன்று தடவை கழுவி, தண்ணீரைத் தானே பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவள் கிட்டப் போகவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினான்.

நேராக அவள் முன்னால் வந்தான். அவள் கேட்கவில்லை. அவனாகவே வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"நல்லாப் பாத்துக்கோ நர்சம்மா. நான் எதையும் ஒளிக்கல."

அன்னபுஷ்பத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திருப்பவில்லை. அவன் வாயை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.