மைனிர் ஒட்டிய தாள்

எலெரி கட்டைவிரலால் லேசாகத்தான் அழுத்தினாள். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேரவனின் முன் ஜன்னலுக்குக் கீழே, மஞ்சள் பூப்போட்ட தாள் ஒட்டிய சுவர் ஊறிய ரொட்டி போல உள்ளே போனது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இரவல் வாங்கி வந்திருந்த ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அங்கே குத்தினாள். முள் ஒரே தாவலில் சிவப்புக்குப் போய் நின்றது. கீழேயிருந்த இருக்கைப் பெட்டியைத் திறந்தாள். மூலை நெடுகக் கருப்புப் பூஞ்சணம்.

வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. விற்றவர் ஊர் பேர் தெரியாத ஆளும் அல்ல. தேவாலயத்தில் இருபது வருடமாக அவளுக்கு முன்வரிசையில் நின்று பாடும் இட்வல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் ஆகையால் வாங்கும்போது டயரையும் பிரேக்கையும் குனிந்து நிமிர்ந்து பார்த்திருந்தாள். இட்வலின் சுவரைத் தட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

வாசற்படியில் அவள் கணவன் ஹெவின் நின்றிருந்தான். முப்பது வருடம் பேக்கரியில் மாவுத்தூசியை இழுத்த நெஞ்சு அவனுடையது. பூஞ்சணம் இருக்கும் இடத்தில் தலை வைத்துப் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிர்காலம் முழுவதையும் ஜன்னலோரத்து நாற்காலியில் கழித்தவன், கோடையில் கடலோரம் போகலாம் என்ற ஒரே பேச்சில்தான் கொஞ்சம் நிமிர்ந்திருந்தான்.

“மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?”

“ஓதம்.”

“ரொம்பவா?”

“இன்னும் கொஞ்சம் அழுத்தினா ரோடு தெரியும்.”

அவன் சிரித்தான்; சிரிப்பு இருமலாகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “போய் இட்வலைத் திட்டிட்டு வா. என் பங்குக்கும் சேர்த்துத் திட்டு.”

போகிற வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டே போனாள். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் இட்வல் கையிலிருந்த மண்வெட்டியைச் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் முட்டியைத் தாங்கித் தாங்கி அவள் பின்னாலேயே வந்தார். கேரவனுக்குள் ஏறி, அந்தக் குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

“இந்தத் தாள் எப்ப ஒட்டினது?” என்று கேட்டாள் எலெரி. கேள்வியில் முள் இருந்தது.

“முட்டி ஆபரேஷனுக்கு நான் பாங்கர் ஆஸ்பத்திரியில கிடந்தேன்ல, அந்த வாரம். மைனிர்தான் ஒட்டினா. வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டினா. வந்து பாரு, புதுசாக்கிட்டேன்னா.” தாளின் ஓரத்தைத் தடவினார். “அதுக்கு முந்தின வருஷம் ஒழுகிச்சு. இன்னொரு தடவை ஒழுகினா வித்துடுவேன்னு சொல்லியிருந்தேன்.”

அவர் மனைவி மைனிர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எலெரி அடுக்கிவைத்திருந்ததெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“திருப்பிக் கொடுத்துடும்மா. உன் பணம் அப்படியே இருக்கு.”

அதைக் கேட்கத்தான் போயிருந்தாள். சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வெளியிலிருந்து ஹெவின் கேட்டான்: “எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?”

“கொளுத்திடுவேன்.”

எலெரி அந்த மஞ்சள் பூக்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: “நாளைக்குக் காலையில சுரண்டியும் சுத்தியலும் எடுத்துட்டு வாங்க.”

தாளை உரித்தார்கள். அடியிலிருந்த பிளைவுட் கையோடு பிய்ந்து வந்தது. அதற்குப் பின்னால் மரச்சட்டங்கள் கருத்து, புட்டுப் போல உதிர்ந்தன. தண்ணீர் வந்த வழி வெளியே இருந்தது. மூலையை மூடியிருந்த அலுமினியப் பட்டையைக் கழற்றியபோது ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துப் பாதியில் முறிந்தன. தண்ணீர் புகாமலிருக்க அடியில் வைத்திருந்த மெழுகுப்பசை காய்ந்து, கோடைக்குளம் மாதிரி வெடித்திருந்தது. அழுகியதையெல்லாம் நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்தார்கள். கதவைத் திறந்துபோட்டு, ஹீட்டரை வைத்து மூன்று வாரம் உலரவிட்டார்கள். தினமும் ஈரமானியில் முள் ஒரு கோடு, இரண்டு கோடு என்று இறங்கியது.

பட்டையிலிருந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்த இட்வல் ஒருநாள் சட்டென்று கையை நிறுத்தினார்.

“நாலு கோடை இந்த மூலையிலதான் தலை வச்சுப் படுத்தா. ராத்திரியெல்லாம் லொக்கு லொக்குன்னு இருமுவா. கடல்காத்து ஒத்துக்கலைன்னு சொல்லுவா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா வித்திருப்பீங்க.”

அவர் யோசித்தார். “ஆமா, வித்திருப்பேன்” என்றார். பிறகு முன்னிலும் வேகமாகச் சுரண்டினார்.

புதுச் சட்டங்கள் ஏறின. பட்டையின் அடியில் புதுப் பசையைப் பதித்து, புது ஸ்க்ரூக்களை முறுக்கினார்கள். உள்பலகையை அடித்து மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் இட்வல். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹெவின் உள்ளே ஏறினான். பூஞ்சணம் தெரிந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் ஏறுகிறான். வெறும் சட்டங்களுக்கு நேரே உட்கார்ந்து மூலையில் உள்ளங்கையை வைத்தான். இட்வல் வெளியே குழாயைத் தூக்கிப் பிடித்தார். எலெரி இருவருக்கும் நடுவே வாசற்படியில் நின்றாள்.

“ஏதாவது வருதா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

“இல்லை.”

பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று.

“இப்ப?”

“கை காஞ்சிருக்கு.”

“போதும் இட்வல், நிறுத்துங்க” என்றாள் எலெரி.

அவர் காதில் விழுந்ததோ என்னவோ. சட்டைக் கை நனைந்து முழங்கை வரை ஒட்டியிருக்க, அந்த ஒரு மூலையின் மேலும் கீழுமாகத் தண்ணீரை மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தார். அது பட்டையின் மேல் வழிந்து, சக்கரத்தைச் சுற்றி, சரிவில் இறங்கி ரோட்டை நோக்கி வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது.