மேற்படி எல்கா

எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஆள் ஒருவர் கையில் ஃபைலோடு வந்து "இன்னார் வீடு எது?" என்று கேட்டால், அந்த இன்னார் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாலும், "அப்படி யாரும் இங்கன இல்லையே" என்போம். இன்னாரும் சேர்ந்து அதையேதான் சொல்வார். வந்தது சம்மனாக இருக்கலாம். சம்பந்தம் பேசும் முன் துப்பு விசாரிக்க வந்தவராக இருக்கலாம். முதலில் இல்லை என்று சொல்லிவிட்டு, வந்த காரியம் நல்லது என்று தெரிந்த பிறகு "ஓ, அவுகளா?" என்று ஆரம்பிப்பதுதான் முறை. இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. எல்கா விஷயத்தில்தான் வந்தது. இல்லை என்று சொன்னவர்களில் முதல் ஆள் நான்.

என் பெயர் அனுசுயா. முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மனு எழுதுவதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, என்னிடம்தான் வருவார்கள். எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் சீல் வாங்கி, மஞ்சப்பையில் போட்டு பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சுருளிராஜன் அந்தப் பையை என் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

எல்கா எங்கள் பக்கத்து வீடு. ஜெர்மன்காரி. பக்கத்து வீட்டு ராக்கப்பன் மகன் சுந்தரலிங்கம் கப்பலில் எஞ்சினியர். அவன்தான் கட்டிக்கொண்டு வந்தான். சில வருடம் சென்னையில் இருந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், போன மாசிக்கு முந்தின மாசியில், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல். சுந்தரலிங்கம் ஆறு மாதம் கடலில், ஆறு மாதம் கரையில். கடலில் இருக்கும் ஆறு மாதமும் அவள் தனியாள்.

வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவாள். கேஸ் சிலிண்டர் வண்டி எந்தக் கிழமை வரும், மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு எப்போது விடுவார்கள், செருப்பைப் போடும் முன் ஏன் உதறவேண்டும். குழாய்த் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும் என்று நான்தான் சொன்னேன். அவள் ஐந்து ஐம்பத்தைந்துக்கே குடத்தோடு நின்றாள். தண்ணீர் ஒன்பதேகாலுக்கு வந்தது.

"அக்கா, ஆறு மணின்னா என்ன?" என்று கேட்டாள்.

"தண்ணி வர்ற நேரம்" என்றேன்.

அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்படி எழுதி எழுதியே தமிழ் பேசவும் படிக்கவும் பழகிவிட்டாள். நல்ல பெண். ஆனால் அந்த முருங்கை மரம் விஷயத்தில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை.

போன கார்த்திகை மழையில் அவள் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையடையாக அப்பியது. ஊரில் வேறு யாராக இருந்தாலும் பந்தம் கொளுத்தித் தீய்த்திருப்பார்கள். இவள், "பாவம் அக்கா, பறவை சாப்பிடும்" என்றாள். ஒரு பறவையும் வரவில்லை. பூச்சிதான் சுவரேறி வந்தது, என் பின்வாசல் துணிக்கொடிக்கு. சுருளிராஜன் அந்தக் கொடியில் கிடந்த பனியனை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று நாள் வீடு முழுக்கச் சொறிந்துகொண்டே நடந்தார். எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பேனா பேசும். ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு எழுதினேன். நான்காம் நாள் இரண்டு பேர் அரிவாளோடு வந்து மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள்.

எல்கா அந்த மொட்டை மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். நான் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எந்தப் பாவி மனு போட்டானோ, அவன் கை வெளங்காது" என்று நானே என் கையைச் சபித்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

இந்த சித்திரையில் யூடியூப்காரன் ஒருவன் வந்தான். "வெள்ளைக்காரி சாணி அள்ளும் அதிசயம்" என்று வீடியோ போட்டுவிட்டான். பிறகு மதுரையிலிருந்தெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்து அவளோடு செல்ஃபி கேட்டார்கள். பல் விளக்கும்போதுகூட விடவில்லை. எல்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, யாராச்சும் என்னைக் கேட்டா நான் இல்லேன்னு சொல்லுங்க" என்றாள். தெருவுக்கே உத்தரவு போட்டேன். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்!

ஆவணி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. சட்டையை வெளியே விட்ட ஒருவர், கையில் போன், கக்கத்தில் ஃபைல், மெதுவாகத் தெருவுக்குள் வந்தார்.

"இங்க எல்கான்னு ஒரு ஃபாரின் லேடி இருக்காகளா?"

போனைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "அப்படி யாரும் இல்லையே."

"சுந்தரலிங்கம்னு..."

"அவுக வீடு பூட்டிக் கெடக்கு பாருங்க. ரெண்டு வருசமா இப்படித்தான்."

அந்த நேரம் எல்கா பந்தலுக்குள் முக்காலி போட்டு ஏறி கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். தலை இலைக்குள் மறைந்திருந்தது. அவள் வீட்டுப் பக்கச் சந்து வழியாகக் கால் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. சந்து முனை வேப்பமரத்தடியில் அந்த வெள்ளைக் கால்களுக்கு நேராகப் போய் நின்று மறைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

அவர் டீக்கடை ஸ்டான்லியிடம் போனார். "வெள்ளைக்காரகளா? என் கடையில ஒருநாளும் டீ குடிச்சதில்லையே" என்றான் ஸ்டான்லி. தினமும் காலையில் அவன் கடையில்தான் அவள் சர்க்கரை இல்லாத டீ குடிப்பாள். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் ஒரு படி மேலே போய், "குமுளிப் பக்கம் போய்த் தேடுங்க சாமி, அங்கனதான் அவுக திரிவாக" என்று பஸ் நேரமும் சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் கூடி எங்கள் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து எல்கா தேனிக்குப் போய்விட்டு வந்தாள். நேரே என் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் வெளுத்துத்தான் இருந்தது.

"நான் இல்லையாம் அக்கா" என்றாள்.

அவள் விசாவை நீட்டிக்க மனுப் போட்டிருந்தாள். அந்த முகவரியில் உண்மையிலேயே இருக்கிறாளா என்று விசாரிக்க மஃப்டியில் ஏட்டு ஒருவர் வந்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்ததை எல்கா போனில் படம் பிடித்து வந்திருந்தாள். "நேரில் சென்று அக்கம்பக்கத்தினரை விசாரித்ததில் மேற்படி நபர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை எனத் தெரியவருகிறது."

அடுப்பை அணைத்துவிட்டு அதை இன்னொரு தடவை படித்தேன்.

"மறுபடி வியாழக்கிழமை வருவாக. ஆதாரம் காட்டணும். காட்டலைன்னா மாசக் கடைசியில நான் போகணும். சுந்தர் கரைக்கு வர இன்னும் நாலு மாசம் இருக்கு" என்றாள். பிறகு, "திராட்சை அதுக்குள்ள பழுத்துரும்" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

"ஏ ஆத்தா, அழாத. அந்த மனுசன்கிட்ட இல்லேன்னு சொன்னது நான்தான். நீ இருக்கேன்னு சொல்லப்போறதும் நான்தான்" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நான்தானே சொல்லச் சொன்னேன்" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

வியாழக்கிழமை ஏட்டு கருத்தக்கண்ணன் வந்தார். எல்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். தெருவே திரண்டு நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் எல்காவைத் தெரியும் என்றார்கள்.

"சார், இது எங்க தெருப் பிள்ளை" என்றான் ஸ்டான்லி. "பொறந்ததுல இருந்து எனக்குத் தெரியும்."

ஏட்டு பேனாவை எடுக்கவில்லை.

கருத்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நூறுநாள் வேலைக்கு எங்ககூடத்தான் மம்பட்டி எடுத்துக்கிட்டு வரும். போன எலெக்சன்ல எனக்கு முன்னாடிதான் ஓட்டுப் போட்டுச்சு. மையைக்கூடப் பாத்தேன்."

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் "கிள்ளாதடீ, உள்ளதைத்தான சொல்றேன்" என்று சத்தம் போட்டாள். அத்தனையும் பொய்.

கருத்தக்கண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஏம்மா, நீங்க சொல்றதை நான் எழுதுனேன்னா இந்தம்மாவை இன்னிக்கே பிளேன் ஏத்தி விட்டுருவாக. அன்னிக்கு இதே ஆளுக இல்லேன்னு சொன்னீக. இன்னிக்கு ஓட்டே போட்டுச்சுங்கிறீக. நான் எதை நம்ப? பேப்பர் இருக்கா?"

எல்கா உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். கரண்டு அட்டை மாமனார் ராக்கப்பன் பெயரில் இருந்தது. அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் கரண்டு அவர் பெயரில்தான் எரிகிறது. கேஸ் சுந்தரலிங்கம் பெயரில். ரேஷன் கார்டும் அப்படியே. பாஸ்புக்கில் சென்னை முகவரி. ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் பெருக்கி, சமைத்து, தண்ணீர் பிடித்தவள் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை.

"இந்த ஊர்ல இவுக இருந்தாகன்னு, பழைய தேதி போட்ட ஒரே ஒரு பேப்பர் போதும்மா. சீல் இருந்தா நல்லது" என்றார் ஏட்டு. குரலில் இரக்கம்தான் இருந்தது.

சுருளிராஜன் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முழங்கையைச் சொறிய ஆரம்பித்தார்.

சொறிந்ததே போதும். மஞ்சப்பையில் அந்த ஜெராக்ஸ் இருக்கிறது. கார்த்திகைத் தேதி, ஊராட்சி சீல், கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. அதை எடுத்தால் எல்கா ஊரில் இருப்பாள், ஆனால் என் அடுப்படிக்கு இனி வரமாட்டாள். எடுக்காவிட்டால் அவளே இருக்கமாட்டாள். ஒரு நிமிடம், மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். பிறகு போய் பீரோவைத் திறந்தேன்.

ஏட்டு வாங்கி உரக்கப் படித்தார். நல்ல கணீர்க் குரல், பாழாய்ப் போகிறவருக்கு.

"பொருள்: கம்பளிப்பூச்சித் தொல்லை சம்பந்தமாக. ஐயா, எனது வீட்டிற்குக் கிழக்கே, திரு. சுந்தரலிங்கம் என்பவரது வீட்டில், அவரது மனைவியும் ஜெர்மன் நாட்டவருமான எல்கா என்பவர் கடந்த ஒன்பது மாதங்களாகத் தொடர்ந்து குடியிருந்து வருகிறார். மேற்படி எல்கா தனது முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சிகளைப் பெற்ற பிள்ளைகளைப்போல் வளர்த்து வருகிறார். கேட்டால் பறவை சாப்பிடும் என்கிறார். இன்றுவரை ஒரு பறவையும் வரவில்லை. என் கணவர் உடல்நிலை பாதிக்கப்பட்டு..."

தெரு முழுக்க என் பக்கம் திரும்பியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையெழுத்தால் கெட்டேன்.

"அடேயப்பா" என்றார் ஏட்டு. "பேரு இருக்கு, நாடு இருக்கு, வீடு இருக்கு, தொடர்ந்து குடியிருக்காகன்னும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? எங்களுக்கே இப்படி எழுத வராது." ஜெராக்ஸை ஃபைலில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எல்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களா அக்கா?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் விசா நீட்டித்து வந்துவிட்டதாக ஸ்டான்லி வந்து சொன்னான். தெருவுக்கெல்லாம் அவள் கேசரி கொடுத்தாள் என்றான். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்திருந்தது, சுருளிராஜன்தான் வாங்கிவைத்தார். நான் பின்வாசல் பக்கமே போகவில்லை. துணியை மொட்டை மாடியில் காயப்போட்டேன். தண்ணீர் பிடிக்க அவரை அனுப்பினேன். சொந்த வீட்டில் திருடிபோல் நடந்தேன். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்படியில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். சுருளிராஜன் வாசல்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு குரல் கேட்டது.

"சார், இங்கன அனுசுயான்னு ஒருத்தவுக இருக்காகளா?"

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே அவர் சொன்னார். "அப்படி யாரும் இல்லையே."

பிறகுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கையில் ஃபைலோடு எல்கா நின்றிருந்தாள். நான் ஓடிவந்து கதவோரமாக நின்றேன். அவள் என்னைப் பார்க்காத மாதிரி, ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். குண்டு குண்டாகத் தமிழ் எழுத்து. நானே வாங்கிப் படித்தேன்.

"பெறுநர்: திருமதி அனுசுயா, சத்துணவு அமைப்பாளர், ஓய்வு. பொருள்: பின்வாசல் சம்பந்தமாக. அம்மா, எனது வீட்டிற்கு மேற்கே மேற்படி அனுசுயா என்பவர் தொடர்ந்து குடியிருந்து வந்தார். கடந்த பத்து நாட்களாக அவர் மேற்படி முகவரியில் காணப்படவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். ஆகவே அவரை உடனே கண்டுபிடித்து, என் வீட்டுக்குக் காபி குடிக்க அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பு: அடுத்த முறை பூச்சி வந்தால் மனு போட வேண்டாம். சுவர்ப் பக்கம் வந்து கூப்பிடவும். எனக்குக் கேட்கும்."

எனக்கு எழுத்து மறைத்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எல்கா இன்னொரு காகிதத்தை நீட்டினாள். ஜெராக்ஸ். "இதுல வாங்குனேன்னு கையெழுத்துப் போடுங்க அக்கா" என்றாள். "சீலும் வேணும்."

கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். சீலுக்கு எங்கே போவது? உளுந்தமாவு அப்பியிருந்த கட்டைவிரலை அப்படியே அந்தக் காகிதத்தில் அழுத்தினேன்.