காற்றில் அடித்த மருந்து

தேவஇரக்கம் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர். ஐந்தடி பத்தங்குலம் உயரம். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். மகள் பியூலாவுக்குப் பத்து வயது, ஆஸ்துமா. 1995இல் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் கிருபாபாய் அவளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். காலையும் மாலையும் இழுக்கத் தொடங்கிய பிறகு மூச்சுத் திணறல் வரவே இல்லை.

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரம் பார்த்தார்கள். பியூலாதான் வகுப்பிலேயே குட்டை. ஒரு வருஷத்தில் மூன்று சென்டிமீட்டர்தான் கூடியிருந்தாள்.

"அது ஸ்டீராய்டுலா சார்? பிள்ளை வளத்தியக் கெடுத்துருமே," என்றார் கணக்கு வாத்தியார் வைகுண்டராஜ்.

தேவஇரக்கம் டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை. மனைவி அமிர்தவல்லி சேத்தூர் பள்ளியில் டீச்சர். விடிந்ததும் பஸ் பிடித்தால் பொழுதுசாயத்தான் வருவாள். மருந்து கொடுப்பது அவர் பொறுப்பு. அன்று மாலை மகளிடம், "டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாவ. அம்மாட்ட சொல்லாத, பயப்படுவா," என்றார். மருந்து தீர்வதுபோல் தெரிய வேண்டுமே என்று, தினமும் கொல்லையில் நின்று அதைக் காற்றில் அடித்தார்.

நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அக்டோபர் மழையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்த அமிர்தவல்லியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பியூலாவுக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கிருபாபாயிடம் ஓடினார்கள். முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்து, ஊசி போட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் நெஞ்சு தணிந்தது.

"இன்ஹேலர் விடாம குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"அவியதான் பாத்துக்கிடுதாவ. ஒருநாளும் தவறினதில்ல டாக்டர்," என்றாள் அமிர்தவல்லி.

கிருபாபாய் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தப்பு என் மேலதான். அளவு பத்தல போல. மன்னிச்சுக்கோங்க சார். இனி தினமும் ஸ்டீராய்டு மாத்திரையே குடுக்கணும். அது இதைவிட வளர்த்தியை பாதிக்கும். ஆனா வேற வழியில்ல."

அவர் எழுதத் தொடங்கினார். கட்டிலில் கிடந்த பியூலா முகமூடியை விலக்கினாள்.

"அப்பா, நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"எழுதாதீங்க டாக்டர்," என்றார் தேவஇரக்கம். "நாலு மாசமா நான் மருந்தே குடுக்கல. வளத்தி நின்னுரும்னு சொன்னாவ."

டாக்டர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். கிருபாபாய் அந்தத் தாளை மெதுவாகக் கிழித்தார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே சார். முதல் வருஷம் ஒரு சென்டிமீட்டர் போல வளர்த்தி குறையலாம். அது முழுசா ஈடாகுமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அடிக்கடி இப்படி முட்டுனாலும் பிள்ளை வளராது. முடிஞ்ச வரைக்கும் கம்மி அளவுல குடுப்போம், அப்பப்ப உயரம் பாப்போம். மூச்சு முக்கியம்."

வெளியே வராந்தா பெஞ்சில் அமிர்தவல்லி உட்கார்ந்தாள். "அவளுக்காகவா செஞ்சிய?" என்றாள்.

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "பாக்குறவன்லாம் இது ஒங்க மகளான்னு கேட்டான். எனக்குக் கேவலமா இருந்துச்சு."

அவள் எழுந்து மகளிடம் போய்விட்டாள்.

மறுபடி இன்ஹேலர் தொடங்கியது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன்பும், மாலையில் வந்ததும் அமிர்தவல்லியே கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்குள் பியூலா படியேறி ஓடினாள். அடுத்த வருஷம் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தாள். அப்பாவிடம் முன்போலவே சிரித்துப் பேசினாள்.

ஆனால் அவர் எதைச் சொன்னாலும், நாளைக்கு லீவு என்றாலும் மழை வரும் என்றாலும், அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்பாள்: "யம்மா, அப்பா சொல்லுதது நெசந்தானா?" குத்திக்காட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான். அமிர்தவல்லி பதில் சொல்லும்வரை தேவஇரக்கம் தலையைக் குனிந்தபடி நின்றிருப்பார்.