குடைக் கரடிக்கு ஒரு மூஞ்சி

கரடியின் மேல் உட்கார்ந்தவன் நான்தான். படத்தின் இயக்குநரும் நான்தான் என்பதால் திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒரு சாண் உயரக் கம்பளிப் பொம்மை அது. இம்மி இம்மியாக அசைத்துப் படம் பிடித்துத்தான் நடக்க வைக்கிறோம். நான் உட்கார்ந்த வேகத்தில் தலை கழன்று மேசைக்கடியில் ஓடியது.

பொம்மை செய்கிற அக்கா குனிந்து தேடி எடுத்துத் தூசியை ஊதினார். "தலை இருக்கு, மூஞ்சிதான் போச்சு. கடைசிக் காட்சி ஒண்ணுதானே பாக்கி? புதுசா செஞ்சு தர்றேன். சிரிக்கிற மூஞ்சியா, அழுற மூஞ்சியா, அதை முதல்ல சொல்லுங்க."

அதுதானே எனக்குத் தெரியாது!

நாங்கள் படமாக்குகிற குழந்தைகள் புத்தகத்தில் அந்தக் கரடி மழைக்காலம் முழுக்கக் காட்டிலுள்ள எல்லோருக்கும் குடை தைத்துக் கொடுக்கும். கடைசிப் பக்கத்தில் 'மழை நின்றது' என்று இரண்டே சொல். குன்றின்மேல் கரடி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததென்று சிரிக்கிறதா, இனி நம்மை யார் தேடுவார்கள் என்று அழுகிறதா? ஒரு தலைமுறையே அந்த முதுகைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. நானோ, கேமரா சுற்றிப்போய் முகத்தைக் காட்டும் என்று தயாரிப்பாளரிடம் வாயை விட்டுவிட்டேன். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மனிதர் படத்துக்கே தலையாட்டினார்.

வரைந்தவரைக் கேட்டால் போயிற்று என்பீர்கள். வரைந்தவர் என் மாமியார். படமாக்க அனுமதி கேட்டபோதே "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றுதான் பதில் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

"பேச்சு வந்த நாள்லேருந்து நான் கேக்குறேன், சொல்லல. உங்களுக்குச் சொல்லிடுவாங்களாக்கும்!" என்று சிரித்தாள் மனைவி.

தலையில்லாத கரடியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"அடடா, தலை எங்க?" என்றார் மாமியார்.

"நான் மேல உக்காந்துட்டேன் அத்தை."

"நல்லவேளை, நான் எலிக் கதை எழுதல."

"மூஞ்சி புதுசா செய்யணும். அது சிரிக்குதா, அழுவுதா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"ஒருநாள் சிரிக்கிற மாதிரி இருக்கு. ஒருநாள் அழுற மாதிரி இருக்கு."

"அப்ப ரெண்டையும் வெச்சுக்கோங்க."

"ஒரு கரடிக்கு ஒரு மூஞ்சிதான் அத்தை."

அவர் தூரிகையைக் கழுவத் தொடங்கினார். வழக்கம்போல இத்தோடு சரி என்று நினைத்தேன். என்னையறியாமல் வாய் திறந்தது.

"படம் கெடக்கட்டும் அத்தை. சின்ன வயசுல அந்தப் பக்கத்தைத் திருப்பி, பின்னாடி மூஞ்சி இருக்கான்னு தேடினவன் நான். அங்க விலைதான் போட்டிருந்துச்சு. அன்னிக்கு ஆரம்பிச்ச அரிப்பு இது."

அவர் கை நின்றது. பிறகு, பக்கத்தறையில் யாரோ படுத்திருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"தூங்குது மாப்பிள்ளை. காடு பூரா குடை தைச்சா அலுத்துப் போகாதா? என் பொண்ணு அப்ப கைக்குழந்தை, எனக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. கரடியாவது தூங்கட்டும்னு வரைஞ்சேன். மூஞ்சி தெரிஞ்சா பிள்ளைங்க எழுப்பிடும், அதான் திருப்பி உக்கார வெச்சேன். உங்க கேமராவையும் சத்தம் போடாம வரச் சொல்லுங்க."